அந்தியூர் சந்தைக்கு வரும் குதிரைக்காரர்களுக்கு, பல் விஷயமாக ஒரு மடல்

அன்புள்ள அண்ணன் தம்பிகளுக்கு,

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கும்போது சுழி பார்க்கிறோம், உதட்டை விலக்கி முன்பல்லில் வயது பார்க்கிறோம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அந்த வாயைத் திறந்து பார்ப்பதே இல்லை. குதிரை இளைத்த பிறகுதான் பல்லை ராவ ஆள் தேடுகிறோம். அரத்தோடு யார் வந்தாலும் சரி என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தொல்லை பெரும்பாலும் கடைவாயில்தான். அங்கே அரைக்கும் பற்கள் 24. அவை ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால் தேய்மானம் சமமாக இருக்காது. மேல்வரிசையில் கன்னத்துப் பக்கமும் கீழ்வரிசையில் நாக்குப் பக்கமும் கூர்முனை நிற்கும். வாய் புண்ணாகும். புல்லைக் குறைத்து, கொள்ளும் தவிடுமாகப் போட்டால் இது இன்னும் சீக்கிரம் வரும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்பும், கடிவாளத்துக்கு முரண்டு பிடிக்கும். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் பல் வேரில் சீழ் பிடித்திருக்கலாம். அது அரத்தால் தீராது.

ஆகவே, வருகிறவரிடம் முதலில் பதிவு எண் கேளுங்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் செய்யலாம். மயக்க ஊசியை வேறு யார் போட வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். அளவு தப்பினால் குதிரை விழும், சில நேரம் எழுந்திருக்காது.

பட்டம் மட்டும் போதாது. நம் மருத்துவர்களில் பலருக்கு மாடும் ஆடும்தான் பழக்கம். "குதிரை வாய் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகவே கேட்கலாம், நல்லவர் கோபிக்க மாட்டார். தெரியாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ சென்னை வேப்பேரி கல்லூரியிலோ விசாரியுங்கள்.

அப்புறம், வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வாயைக் கழுவி, தாடையைப் பிரித்து நிறுத்தும் கருவியை மாட்டி, வெளிச்சம் அடித்து, கடைசிப் பல் வரை பார்த்த பிறகே அரத்தை எடுக்க வேண்டும். பார்க்காமலே ராவ ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கூர்முனையை எடுத்தால் போதும். அரைக்கும் பரப்பையே வழவழவென்று ஆக்கிவிட்டால் குதிரையால் புல்லை அரைக்க முடியாது. மோட்டார் அரம் என்றால் விட்டுவிட்டு ஓட்டி, தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். சூடு ஏறினால் பல்லின் உயிர்ப்பகுதி கெட்டுவிடும். எந்தப் பல்லில் என்ன செய்தார் என்று எழுதியும் வாங்குங்கள்.

வளர்ந்த குதிரைக்கு ஆண்டுக்கு ஒரு முறை காட்டினால் பெரும்பாலும் போதும். ஐந்து வயதுக்குள் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுவது நல்லது.

உங்கள் பக்கம் குதிரை வாய் பார்க்கத் தெரிந்த மருத்துவர் யாராவது இருந்தால், இந்த ஆடியில் சந்தைக்கு வரும்போது மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலக் குதிரை வளர்க்கும் ஒருவன்