கட்டணத்தைச் சொல்கிறீர்கள், சம்பளத்தையும் சொல்லுங்கள்

குமரி மாவட்டத்தில் விஷுவல் கம்யூனிகேஷன் (விஸ்காம்) பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரி நிர்வாகிகளுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். மார்த்தாண்டத்தில் வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணம், கோயில் கொடை, சர்ச் திருவிழா, கடைகளுக்கு விளம்பரப் படம் என்று வேலை ஓடுகிறது. உங்களிடம் படித்து வெளியே வரும் பிள்ளைகள்தான் என்னிடம் கேமராவும் எடிட்டிங்கும் பார்க்கிறார்கள். நல்ல திறமைசாலிகள். எனவே, இந்தப் படிப்பு வீண் என்று சொல்ல நான் வரவில்லை. இதற்காகக் கடன் வாங்கும் குடும்பம், கையெழுத்துப் போடும் முன்பே பார்க்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. அதை நீங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

புதிதாக வருபவருக்கு நான் கொடுக்கும் சம்பளம் மாதம் 12,000 ரூபாய். சீசன் நேரத்தில் படி கூடும், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் குறைந்தால் அதுவும் குறையும். இதைவிடக் கூடுதலாகக் கொடுக்க இந்த ஊர்த் தொழிலில் வழியில்லை. திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போனால் கூடக் கிடைக்கலாம். ஆனால் அங்கே முதல் சில மாதங்கள் 'இன்டர்ன்' என்ற பெயரில் போகும். பிறகு வரும் சம்பளத்தில் பாதியை அறை வாடகையும் சாப்பாடும் எடுத்துக்கொள்ளும். இந்தத் துறையில் வருமானம் மெதுவாகத்தான் ஏறும். பெயர் கிடைத்து, ஆள் தேடி வர நான்கைந்து வருடம் பிடிக்கும்.

வங்கிக் கடனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 3 லட்சம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு நான்கு ஆண்டு, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு ஆண்டு என்று வட்டி மட்டும் 90,000 சேரும். தவணை தொடங்கும் நாளில் கடன் 3 லட்சத்து 90 ஆயிரம். 10 ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 5,150. 15 ஆண்டு என்று நீட்டினால் சுமார் 4,190 ஆகக் குறையும், ஆனால் மொத்தம் ஏழரை லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். 12,000 சம்பளக்காரரின் கையில் 5,150 போக என்ன மிஞ்சும்? அதுவும் அவர் இன்னும் தொழில் பழகிக்கொண்டிருக்கும் வயதில்.

இதிலும் வராத கடன்கள் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டில் கேமரா வேண்டும் என்பார்கள், அது பைனான்ஸ் கம்பெனித் தவணையில் வரும். லேப்டாப்புக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போகும். இவை எந்தக் கல்விக்கடன் கணக்கிலும் தெரியாது.

பெற்றோரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுகிறார்கள். தவணை தவறினால், வங்கிகள் கடன் கொடுக்கும் முன் பார்க்கும் அவர்களுடைய சிபில் மதிப்பெண்ணும் விழும். அந்தப் பெற்றோர் யார்? குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிறவர். மழை பிடித்தால் அவருக்கு வெட்டு இல்லை. குளச்சலில் விசைப்படகுக்குப் போகிறவர். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். நீங்கள் சேர்க்கைக் கட்டணம் கேட்பதும் அதே மாதங்களில்தான். வருமானமே இல்லாத நேரத்தில், அவசரத்தில், கையில் எந்த விவரமும் இல்லாமல் அவர் கடனுக்குப் போகிறார்.

உங்கள் விளம்பரத் தாளில் இருப்பதெல்லாம் ஸ்டுடியோ படமும், பெரிய இடத்துக்குப் போன ஒன்றிரண்டு முன்னாள் மாணவர்களின் முகமும்தான். அவர்களை நினைத்து நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அவர்களோடு படித்த மற்றவர்கள் எங்கே என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா? மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையையும் அவர்களின் இடைநிலைச் சம்பளத்தையும், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளத்தையும், கொடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் அதில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புகள் எல்லாம் ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. பி.காம் எது, விஸ்காம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. தவிர, அது வேலை கிடைத்தவர்களின் சம்பளம் மட்டுமே. கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

அமெரிக்காவில் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்று அரசே ஓர் இணையதளம் நடத்துகிறது. 2019 முதல் அதில் பாடப்பிரிவு வாரியாகவே விவரம் வருகிறது. இந்தக் கல்லூரியில் கம்யூனிகேஷன் படித்தவர் என்ன சம்பாதிக்கிறார், எவ்வளவு கடனோடு வெளியேறினார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். சம்பளத்தை வரிக் கணக்கிலிருந்து எடுப்பதால் கல்லூரிகள் மிகைப்படுத்தவும் முடியாது. அரசு உதவி பெற்றுப் படித்தவர்கள் மட்டுமே அதில் அடங்குவார்கள் என்ற குறை உண்டு. இருந்தாலும் சேரும் முன்பே பார்த்துவிடலாம்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. உங்கள் துறையில் ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? படித்து முடித்து இரண்டு ஆண்டு ஆன வகுப்பை எடுத்து ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். எத்தனை பேர் படித்த துறையில் இருக்கிறார்கள், நடுவில் நிற்பவரின் மாத வருமானம் என்ன, எத்தனை பேர் கடன் வாங்கினார்கள், எவ்வளவு, எத்தனை பேரால் தவணை கட்ட முடிகிறது. பெயர் வேண்டாம். வேலையில்லாதவர்களையும் பதில் சொல்லாதவர்களையும் அப்படியே எண்ணிக்கையில் காட்டுங்கள். சொந்தமாகப் படம் பிடித்து நல்ல வருமானம் பார்க்கும் பிள்ளைகள் இன்று உங்கள் பிளேஸ்மென்ட் பட்டியலில் வருவதில்லை. இந்தக் கணக்கில் அவர்களும் வருவார்கள். உங்களுக்கே அது நல்ல செய்தியாக இருக்கலாம்.

இன்னொன்று. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. உங்கள் பட்டப்படிப்பு அதற்குள் வருமா வராதா என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதுங்கள். மேலே சொன்ன 90,000 ரூபாய் அந்த ஒரு பதிலில்தான் தொங்குகிறது. வட்டி வராது என்று நம்பி வாங்கிய பிறகு வங்கியில் போய்த் தெரிந்துகொள்ளும் நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது.

கணக்கு வெளியே வந்தால் சேர்க்கை குறையும் என்று நீங்கள் தயங்கலாம். ஒரு சிலர் வராமல் போகலாம்தான். சிலர் கடன் தொகையைக் குறைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே வந்துபோகும் தூரத்தில் உள்ள கல்லூரியையோ, கட்டணம் குறைந்த அரசு உதவிபெறும் பிரிவையோ தேடுவார்கள். தெரிந்து வருகிறவர் முதல் நாளிலிருந்தே வேலையைக் குறிவைத்துப் படிப்பார். என்னிடம் வேலைக்கு வரும்போது அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது.

அடுத்த பிளஸ் டூ முடிவு வரும் முன்பே இது உங்கள் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். என் ஸ்டுடியோவில் யாருக்கு என்ன சம்பளம் என்ற விவரத்தை, பெயர் இல்லாமல், எழுத்தில் தர நான் தயார். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் தொழில் செய்யும் மற்ற ஸ்டுடியோக்காரர்களிடமும் கேட்டு வாங்கித் தருகிறேன். எந்தக் கல்லூரி முதலில் கேட்கிறதோ அங்கே நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்தில் ஸ்டுடியோ நடத்தும் ஒருவர்