பறிபோன எண்ணும் மீண்டு வந்த எண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 10 வேலூர்ப் புரட்சி நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். 1806இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டைக்குள் கிளர்ந்தெழுந்ததைச் செறிவாகச் சொன்ன அக்கட்டுரை, புரட்சியில் ஈடுபட்ட படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் மதராஸ் சுதேசிக் காலாட்படையின் முதலாம் படைப்பிரிவை (ரெஜிமெண்ட்) பொறுத்தவரை அந்த வரி பாதி உண்மைதான். மீதிக் கதை வேலூரில் இல்லை; நாகபுரியில் இருக்கிறது.

லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட வரும் என்ற அச்சம் நிலவிய 1758ஆம் ஆண்டில், அதுவரை தனித்தனிச் சிறு படைக்குழுக்களாகச் சிதறியிருந்த சிப்பாய்களை ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் பட்டாலியன்களாகத் திரட்டினார். அவற்றில் மூத்ததன் வழிவந்ததே இந்த முதலாம் படைப்பிரிவு. கட்டுரையாளர் இவர்களைத் ‘தமிழ்ச் சிப்பாய்கள்’ என்று குறிப்பிட்டிருந்தார். ஆர்வத்தில் விழுந்த சொல்லாக இருக்கலாம். ஆனால் மதராஸ் படையில் தெலுங்கரும் முஸ்லிம்களும் பெருந்தொகையினராக இருந்தார்கள், தமிழர்கள் அவர்களோடு சேர்ந்து நின்றார்கள். வேலூரில் இந்துவும் முஸ்லிமும் ஒரே ஆணையை எதிர்த்தார்கள் என்பதுதான் அந்நிகழ்ச்சியின் உயிர். அதை ஒரு மொழிக்குள் அடக்கிவிட்டால் அந்த உயிர் போய்விடும்.

அந்த ஆணையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்: தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் காதணிக்கும் தடை, தாடி மழிப்பு. அதிகம் பேசப்படாத ஒன்று, அதை முதலில் மறுத்தவர்கள் யார் என்பது. 1806 மே மாதத்தில் அதே வேலூரில் நான்காம் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாலியன் சிப்பாய்களே தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். அவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பட்டாலியனை வேலூரிலிருந்து மாற்றியதோடு விவகாரம் தீர்ந்தது என்று ராணுவத் தலைமை நினைத்தது. இரண்டே மாதத்தில், முதலாம், இருபத்துமூன்றாம் படைப்பிரிவுகளின் சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்றித் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்தபின் நடந்த படுகொலையைத் தங்கள் கட்டுரையே விவரித்திருக்கிறது.

விசாரணை முடிந்து சிலர் பீரங்கி வாயிலும் சிலர் தூக்கிலும் மாண்டபின், கம்பெனி அரசு அந்த இரு படைப்பிரிவுகளின் எண்களைப் படைப் பட்டியலிலிருந்தே அழித்தது. எஞ்சியவர்களைக் கொண்டு 1807இல் இருபத்துநான்காம், இருபத்தைந்தாம் படைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. வெளியில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டு வேலையாகத் தோன்றும். ஆனால் அக்காலத்துப் படையில் எண் என்பது மூப்பு. எண்ணில்தான் மானம் இருந்தது. தலைமகனாக நின்றவனைக் கடைசிப் பிள்ளைக்கும் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது போலத்தான் அது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1817 நவம்பர் 26ஆம் நாள் மாலை, நாகபுரி அரசர் அப்பா சாகிப் போன்ஸ்லேயின் படை அங்கிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி ஜென்கின்ஸின் இருப்பிடத்தைத் தாக்கியது. அருகிலிருந்த சீதாபுல்டிக் குன்றுகள் இரண்டில் சிறியதைக் காக்கும் பொறுப்பு இந்த இருபத்துநான்காம் படைப்பிரிவின் முதல் பட்டாலியனிடம் இருந்தது. அதாவது, பெயர் மாறிய பழைய முதலாமவர்களிடம். இருபதாம் படைப்பிரிவினரையும் வங்காளக் குதிரைப்படைப் பிரிவொன்றையும் சேர்த்தாலும் மொத்தம் ஏறத்தாழ 1,400 பேர்; எதிரே பல மடங்கு பெரிய படை, அதன் முனையில் அரபுக் கூலிவீரர்கள். இரவு முழுவதும் சண்டை நடந்தது. மறுநாள் காலையில் சிறிய குன்று அரபுகளின் கைக்குப் போய், பிறகு மீட்கப்பட்டது. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தபோது, காத்து நின்றவர்களில் நான்கில் ஒரு பங்கினர் மாண்டோ காயமுற்றோ கிடந்தனர். இதற்கு வெகுமதியாக அந்தப் பட்டாலியன் கேட்டது தங்கள் பழைய எண்ணை. 1818இல் அது மீண்டும் முதலாம் படைப்பிரிவு ஆயிற்று.

இதைப் படிக்கும்போது எனக்குள் இரண்டு எண்ணம் எழுவதை மறைக்க விரும்பவில்லை. வேலூரில் மடிந்த தோழர்களின் எண்ணை மீட்டார்கள் என்று மகிழ்வதா, அந்தத் தோழர்களைச் சுட்ட கம்பெனிக்காகவே மராட்டிய அரசொன்றை எதிர்த்து நின்று மீட்டார்களே என்று வருந்துவதா? மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பத்தோடு பாளையம் பாளையமாக அலைந்த அந்த மனிதர்களை இன்றைய தேசப்பற்றின் அளவுகோலால் அளப்பது நியாயமாகாது என்பதே என் கருத்து.

பின்கதை சிறியது. 1883இல் இப்படைப்பிரிவு பாதை அமைக்கும் பயனியர் படையாக மாற்றப்பட்டது. 1903இல் இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் மதராஸ் காலாட்படை எண்களோடு 60ஐக் கூட்டியபோது 61ஆம் பயனியர்கள் ஆயிற்று. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் ஜெர்மானியரிடம் ஆங்கிலேயர் அடைந்த தோல்வியிலும் பங்கு கொண்டது. 1933இல் செலவுச் சுருக்கத்தில் கலைக்கப்பட்டது. ஆக, கலைக்கப்பட்டன என்ற சொல் அதற்கு உண்மையில் பொருந்துவது 127 ஆண்டுகள் கழித்துத்தான். நீலகிரியின் வெலிங்டனில் மையம் கொண்டுள்ள இன்றைய மதராஸ் ரெஜிமெண்டும் 1758ஐயே தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. ஆனால் முதல் உலகப் போருக்குப் பின் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் மீண்டும் திரட்டப்பட்ட படை அது. முதலாம் படைப்பிரிவின் நேர் வாரிசாக அதைக் காட்டுவது சரியன்று.

வேலூர் மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத் தூணுக்கு ஆண்டுதோறும் மாலை அணிவிக்கிறோம். அங்கே ஒரு பலகை வைத்து, எந்தெந்தப் படைப்பிரிவுகள், அவற்றின் எண்கள் எப்போது நீக்கப்பட்டன, எப்போது ஒன்று திரும்பியது என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் எழுதுமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
வேலூர்.