மேட்டு வீடுகளுக்குக் காலையில் தண்ணீர் எட்டச் செய்யக் கோரி நான்காம் முறையாக மனு

அனுப்புநர்:
மேட்டுக் குடியிருப்பின் கடைசி ஆறு வீட்டாருக்காக,
அதில் ஒரு வீட்டில் வசிக்கும் இரவுப் பணிப் பராமரிப்பாளர்,
மீத் கவுண்டி, அயர்லாந்து.

பெறுநர்:
வட்டார நீர் விநியோக அலுவலர் அவர்கள்.

நாள்: 20.07.2018

பொருள்: காலை 6 மணிக்குத் திறப்பதாகச் சொல்லப்படும் தண்ணீர் மேட்டு வீடுகளுக்கு நண்பகல் வரை வராதது – தேவாலயத் திருப்பத்துக் குழாய்க் கசிவை அடைத்து, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 05.07.2018 தொலைபேசிப் புகார், 09.07.2018 மின்னஞ்சல், 13.07.2018 பதிவுத் தபால்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன், பேசினேன். மின்னஞ்சலுக்கு மட்டும் ஒரு புகார் எண் வந்தது. மற்ற இரண்டுக்கும் அதுவும் இல்லை. இந்த முறை மனதில் இருப்பதை முதலில் தமிழில் எழுதிவிடுகிறேன். என் கணவர் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருவார், இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறோம். பெயர்ப்பில் கோபம் கொஞ்சம் குறைந்திருந்தால் அது அவருடைய பண்பு.

எங்கள் ஊரைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். கல்பாலம், அதைத் தாண்டி தேவாலயத் திருப்பம், அங்கிருந்து மேலே ஏறும் ஒற்றைச் சாலை, அதன் உச்சியில் எங்கள் ஆறு வீடுகள். போன ஆண்டு சாலையைத் தோண்டி மூடியபோது தாங்களே அங்கே நின்றிருந்ததை நான் பார்த்தேன். அதனால் வழி விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கோடை வழக்கமானது இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஜூன் 28 அன்று ஷானன் விமான நிலையத்தில் 32 டிகிரி. தொடர்ந்து பதினைந்து நாள், எந்த ஒரு நாளும் 0.2 மில்லிமீட்டர் மழைகூட இல்லாமல் போனால் அதை முழு வறட்சி என்று இந்நாட்டு வானிலைத் துறை கணக்கிடுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரவேண்டிய மழை மேகங்களை, நகராமல் உட்கார்ந்துவிட்ட உயர் அழுத்தம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று வானொலியில் தினமும் கேட்கிறோம். தூறல் விழுந்தால் அதை ‘சாஃப்ட் டே’ என்று செல்லமாகச் சொல்லும் ஊரில் புல் வைக்கோல் நிறத்தில் நிற்கிறது. இங்கே கல்யாணத்துக்கு முதல் நாள் மழை வரக்கூடாது என்று பிராக் குழந்தை இயேசு சிலையைத் தோட்டத்தில் வைப்பார்களே, “யாரோ வெளியே வைத்துவிட்டு உள்ளே எடுக்க மறந்துவிட்டார்கள்” என்கிறார் எதிர்வீட்டு மூதாட்டி. ஆகவே மழை பெய்யாததற்கு உங்கள் அலுவலகத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்கள் குறை வேறு. அதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஜூலை முதல் வாரத்திலிருந்து இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தண்ணீர் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஏற்றுக்கொண்டோம்.

2. ஆனால் மேட்டில் காலை 6 மணிக்குத் தண்ணீர் வருவதில்லை. கடந்த பதினொரு நாளாக நேரம் குறித்து வைத்திருக்கிறேன். மிகச் சீக்கிரம் வந்தது 11.15-க்கு. மிகத் தாமதமாக வந்தது 1.05-க்கு. முதலில் காற்று வரும், குழாய் இருமும், பிறகு பழுப்பாகக் கொஞ்சம், அப்புறம் ஊசி கனத்தில் தண்ணீர். ஏன் என்று பக்கத்து வீட்டுப் பிளம்பர் விளக்கினார். இரவு முழுக்கக் கீழே உள்ள எல்லா வீடுகளின் பரண் தொட்டிகளும் வற்றிவிடுகின்றன. 6 மணிக்கு வால்வைத் திறந்ததும் அத்தனை மிதவை வால்வுகளும் ஒரே நேரத்தில் தண்ணீரை இழுக்கின்றன. அவையெல்லாம் நிரம்பி மூடிய பிறகுதான் எங்களுக்கு ஏறும். எனக்கே புரிந்துவிட்டது. உங்கள் பொறியாளர்களுக்குப் புரியாமல் இருக்காது.

3. வந்த பிறகும் தண்ணீர் தரைத்தளச் சமையலறைக் குழாய் வரைதான் வருகிறது. இங்குள்ள வீடுகளில் சமையலறைக் குளிர்நீர்க் குழாய் மட்டுமே நேராகச் சாலைக் குழாயோடு இணைந்தது, குளியலறைக்கு எல்லாம் பரணில் இருக்கும் தொட்டியிலிருந்துதான் இறங்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. இரண்டு மாடி ஏறும் அழுத்தம் இல்லை. பதினொரு நாளில் எங்கள் தொட்டி ஒருநாளும் நிரம்பவில்லை. ஷவரைத் திறந்தால் சத்தம்கூட வருவதில்லை.

4. இப்போது எனக்கு மிகவும் வலிப்பதைச் சொல்கிறேன். நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். இரவு 8 முதல் காலை 8 வரை. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் என் கைகளும் உடுப்பும் எதையெல்லாம் தொடுகின்றன என்று மனுவில் எழுதுவது முறையாகாது. படுக்கையை நனைத்தவர்கள், வாந்தி எடுத்தவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள். இந்த வெயிலில் அவர்களுக்கும் இரவில் உறக்கமில்லை. 8.20-க்கு வீட்டுக் கதவைத் திறக்கிறேன். ஒன்றரை வயது மகள் ஓடி வருகிறாள். 8.30-க்குக் கணவர் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும், அதற்கு மேல் ஒரு நிமிடம் நின்றால் பேருந்து போய்விடும். ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல் பிள்ளையைத் தூக்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அதை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால், நான் வேலை செய்யும் இடத்துக் கை கழுவும் விதிகளை அவர்களிடம் காட்டுவேன்.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா, ஐயா? வாசலிலேயே சீருடையைக் கழற்றி ஒரு பையில் போடுகிறேன். ஈரத் துடைப்பான்களால் கழுத்து, கை, முகம் துடைக்கிறேன். பிள்ளை அழுகிறாள். துடைத்த கையோடு தூக்குகிறேன். அவள் வழக்கம்போல என் தோளில் வாயை வைக்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு என் உடம்பே பிடிப்பதில்லை. அப்படியே அவளுக்குக் கஞ்சி ஊட்டி, விளையாட்டுக் காட்டி, கண் எரிய எரிய நண்பகல் வரை உட்கார்ந்திருக்கிறேன். குழாய் இருமும் சத்தம் கேட்டதும் வாளியை வைக்கிறேன். ஒரு வாளி நிறைய இருபது நிமிடம். அதைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும், பிள்ளை பின்னாலேயே படியில் தவழ்ந்து வருகிறாள். குளித்து முடிக்க மணி ஒன்று, ஒன்றரை. அவள் மதியம் தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் உறக்கம். சாயங்காலம் அவர் வந்ததும் மறுபடி பணிக்குக் கிளம்புகிறேன். இப்படி வாரத்துக்கு நான்கு இரவு.

“முதல் நாளே பிடித்து வைக்கலாமே” என்பார்கள். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு இந்த யோசனையைச் சொல்லித்தர வேண்டாம். ஒரு கணக்கு சொல்கிறேன். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை, கிழக்கு அயர்லாந்தின் பெரும்பகுதியில் பெய்வதைவிட அதிகம். ஆனால் அங்கே அது சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் வீட்டுக்கு வீடு தரையடித் தொட்டி, மொட்டைமாடியில் தொட்டி, வாசலில் பிளாஸ்டிக் குடம். இங்கே அதே மழை ஆண்டெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் குழாய் வற்றும் என்று எந்த வீடும் நினைத்துக் கட்டப்படவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது தரை துடைக்கும் வாளி ஒன்று. மூடியுள்ள பெரிய டப்பா ஊர்க் கடையில் தீர்ந்துவிட்டது. இரண்டு வாளி தேடி வாங்கினோம். சாயங்காலம் பிடித்து வைக்கும் இரண்டில் ஒன்று இரவு கழிப்பறைக்கு, ஒன்று காலையில் பிள்ளைக்கும் சமையலுக்கும். குளியல் தொட்டியில் நிரப்பிவைத்தோம், ஒருநாள் குளியலறைக் கதவு தாழ் சரியாக விழாமல் பிள்ளை தொட்டி விளிம்பைப் பிடித்து எக்கி நின்றதைப் பார்த்த பிறகு அதையும் விட்டுவிட்டோம். சரி, எவ்வளவு பிடித்தாலும், ஊசி கனத்தில் வரும் தண்ணீர் ஊசி கனத்தில்தானே வரும்?

ஜூலை 5 அன்று தொலைபேசியில் பேசியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அருகில் ஏதாவது உடற்பயிற்சிக் கூடத்தில் குளித்துக்கொள்ளலாமே” என்றார். அருகில் உள்ள உடற்பயிற்சிக் கூடம் 14 கிலோமீட்டர். எங்களிடம் கார் இல்லை. கைக்குழந்தையோடு குளிக்க நான் பேருந்து ஏற வேண்டும், அப்படித்தானே?

5. எதிர்வீட்டு மூதாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. தற்காலிகத் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுவந்து கல்பாலத்தருகே, அதாவது ஏற்கெனவே தண்ணீர் வரும் வீடுகளின் வாசலில், நிறுத்தியிருக்கிறார்கள். அவர் அங்கே இறங்கிப் போய், தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேடேறி, கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். நாங்கள்தான் கொண்டுவந்து கொடுக்கிறோம். 1976 வறட்சியில்கூட இந்த ஊர்ச் சதுக்கத்து இரும்பு அடிபம்பில் தண்ணீர் வந்தது என்கிறார். அந்தப் பம்புக்கு இப்போது பச்சை வண்ணம் அடித்து, சுற்றிலும் பூச்செடி வைத்திருக்கிறார்கள். பூச்செடியும் காய்ந்துவிட்டது.

6. கசிவு. தேவாலயத் திருப்பத்துச் சுவரோரம் ஏறக்குறைய பதினைந்தடி நீளத்துக்குப் புல் மட்டும் கரும்பச்சையாக நிற்கிறது. மீதி வயலெல்லாம் காய்ந்து கிடக்கிறது. கால் வைத்தால் சதசதவென்கிறது. ஜூன் நடுவிலேயே அப்படித்தான் இருந்தது. எங்கள் மேட்டுக்கு ஏறும் குழாய் அந்த வழியாகத்தான் வருகிறது. மூன்று புகாரிலும் இதைச் சொன்னேன். பத்து நாள் முன்னால், ஜூலை 10 அன்று, நியூகிரேஞ்ச் தொல்கல்லறை மேட்டின் அருகே காய்ந்த வயலின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டவர்கள் மண்ணுக்குள் புதைந்திருந்த பழங்கால வட்ட அமைப்பு பயிரின் நிறத்தில் தெரிவதைக் கண்டுபிடித்தார்கள். நாடே பேசியது. அதே வறட்சி, அதே கவுண்டி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்தது வானத்திலிருந்து தெரிகிறது. சாலையோரம் நடந்து போகிறவனுக்குத் தெரியும் கசிவு மட்டும் உங்கள் அலுவலகத்துக்குத் தெரியவில்லை. எங்களிடம் ட்ரோன் இல்லை. படம் மூன்று இணைத்திருக்கிறேன்.

7. ஜூலை 6 முதல் நாடு முழுவதும் தோட்டக் குழாய் பிடிக்கத் தடை, மீறினால் 125 யூரோ அபராதம். சரியான தடைதான். எங்கள் ஆறு வீட்டிலும் தோட்டக் குழாயே கிடையாது. ஆனால் தேவாலயச் சுவரோரப் புல்லுக்கு இரவும் பகலும் தண்ணீர் பாய்கிறதே, அதற்கு யாருக்கு அபராதம்? மன்னிக்கவும். மரியாதை தவறி எழுதுகிறேன் என்று தெரிகிறது. இரவுப் பணி முடித்து வந்து எழுதுகிறேன், இன்னும் குளிக்கவில்லை.

மார்ச் மாதம் எம்மா புயல் பனியிலும் எங்களுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. அப்போதும் கடைசியாகக் கிடைத்தது இந்த ஆறு வீட்டுக்குத்தான். பனி பெய்தாலும் கடைசி, வெயில் அடித்தாலும் கடைசி.

நாங்கள் கேட்பது பெரிதல்ல:

கசிவை அடைத்துவிடுங்கள். அதுதான் முதலில்.

அதுவரை, எங்கள் சாலைக்கான வால்வைக் காலை 6-க்குப் பதிலாக 4 மணிக்குத் திறந்து, ஈடாக இரவில் 10-க்குப் பதிலாக 8 மணிக்கே மூடிக்கொள்ளுங்கள். ஆறு வீட்டாரும் இதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறோம். கூடுதலாக ஒரு லிட்டர்கூடக் கேட்கவில்லை, நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

தண்ணீர்த் தொட்டியைப் பாலத்திலிருந்து மேட்டுக்கு நகர்த்துங்கள். லாரிக்கு ஏற முடியும், தோளுக்கு முடியவில்லை.

இவை மூன்றும் முடியாதென்றால், ஐயா, ஒன்றே ஒன்று செய்யுங்கள். எந்த நாளாவது காலை 8.20-க்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். தேநீர் கொடுக்க முடியாது, தண்ணீர் இருக்காது. சமையலறைக் குழாயைத் தாங்களே திறந்து பாருங்கள். நண்பகல் வரை எங்களோடு உட்கார்ந்திருங்கள். காலையில் எங்களுக்குத் தண்ணீர் வர வழி செய்யுங்கள் என்று மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். எண்ணைக் கொடுக்காமல் பதிலைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேட்டுக் குடியிருப்பு ஆறு வீட்டார் சார்பில்
(ஆறு வீட்டார் கையெழுத்தும் தண்ணீர் வந்த நேரக் குறிப்பும் பின்பக்கத்தில்)

பி.கு.: இதை எழுதி முடிக்கும்போது மணி 11.40. குழாயைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன். இன்னும் காற்றுதான் வருகிறது.