அண்ணை, சனிக்கிழமை ட்ரம் வெளியே வருகிறது

அண்ணை,

நேற்று சாமான் அறையைத் திறந்து ட்ரம்மை வெளியே எடுத்தாயிற்று. தோல் கிழியவில்லை. விளிம்பிலிருக்கும் எட்டுத் திருகுகளில் இரண்டு துருப்பிடித்து இறுகிவிட்டன. எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்த பிறகுதான் அசைந்தன. இந்தச் சனிக்கிழமை அது திரும்பவும் எங்கள் கால்பந்து மைதானத்தில் கோலுக்குப் பின்னால் நிற்கும். இதை வேறு யாரோ சொல்லி நீங்கள் அறியக் கூடாது. போன் எடுத்தால் நீங்கள் பதில் சொல்வதில்லை, இதையாவது வாசிப்பீர்கள். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் கழகத்தின் பெயரையோ, குழுக் கூட்டத்தில் யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்பதையோ இங்கே எழுதவில்லை.

ஆனால் அந்த நவம்பர் ஆட்டத்தின் இடைவேளையை எழுதாமல் விட முடியாது.

எங்கள் அணி கோல் அடிக்கப் போகும் முனையில்தான் எங்கள் சனம் நிற்கும். நாணயச் சுண்டலில் வென்ற எதிரணித் தலைவன் வேண்டுமென்றே பக்கத்தை மாற்றிவிட்டான். எங்கள் சனம் இரண்டாம் பாதியில் நிற்க விரும்பும் கூரைப் பக்கத்தில் முதற்பாதியிலேயே நின்று முடிக்க வேண்டியதாயிற்று. இடைவேளை விசில் ஊதியதும் வழக்கம்போல் இருநூறு பேர் கம்பி வேலியோரமாக மறு முனைக்கு நடக்கத் தொடங்கினார்கள். பதினைந்து நிமிடம்தான். அதற்குள் பாதிப் பேர் தேத்தண்ணி வரிசையில் பிரிந்துவிடுவார்கள். இரண்டு பெடியள் பேனரைச் சுருட்டித் தோளில் வைத்திருந்தார்கள், ஒருவன் கையில் பேனர் கட்டும் பிளாஸ்டிக் நாடாக்கள் (கேபிள் டை) உள்ள பை. நீங்கள் முன்னால், ட்ரம்மைக் கட்டிக்கொண்டு, நடைக்கு ஏற்ப மெதுவாகக் கொட்டியபடி. நடுக்கோட்டுக்கு நேரே, தேத்தண்ணிக் கடையடியில், அத்தனை பேருக்கு முன்னால்தான் உங்களுக்கு அது சொல்லப்பட்டது: இரண்டாம் பாதிக்கு ட்ரம் வேண்டாம்.

நீங்கள் வாய் திறக்கவில்லை. ட்ரம்மைச் சீமெந்துத் தரையில் சத்தமில்லாமல் இறக்கினீர்கள். பட்டியின் இரண்டு கொக்கிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினீர்கள். பட்டியைச் சுருட்டினீர்கள். அடிக்கும் கோலைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு, வந்துகொண்டிருந்த சனத்துக்கு எதிரே நடந்து வாசலால் வெளியே போனீர்கள். ட்ரம் அங்கேயே நின்றது. பிறகு யாரோ அதன் மேல் தேத்தண்ணிக் குவளையை வைத்துவிட்டார்கள். மேற்பூச்சுப் பூசிய வெள்ளைத் தோல், கறை பிடித்தால் விடாது. அந்த வட்டம் இன்னும் இருக்கிறது. நேற்று ஈரத் துணியால் துடைத்தும் போகவில்லை.

அங்கே வைத்துச் சொன்னது பிழை. செவ்வாய்க்கிழமை, ஆளில்லாத நேரத்தில் சொல்லியிருக்கலாம். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். சொல்லப்பட்ட விஷயம் பிழையென்று மட்டும் என்னால் எழுத முடியாது.

நீங்கள் எப்போதும் கோலுக்குப் பின்னால் இடது மூலையில், வேலியோடு ஒட்டி நிற்பீர்கள். சத்தம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். எங்கள் பாட்டுகள் நிமிடத்துக்கு 120 கொட்டு, அதாவது ஒரு கொட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அரை விநாடி. மைதானத்தின் நீண்ட பக்கத்தில் 85 மீற்றர் தள்ளி நிற்கிறவருக்கு உங்கள் கொட்டு கால் விநாடி பிந்தித்தான் கேட்கும், அரைக் கொட்டு தவறிவிடும். அவர் அதற்குக் கை தட்டினால், அந்தத் தட்டல் திரும்பி உங்களிடம் வர இன்னொரு கால் விநாடி. கோலுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு மற்றப் பக்கம் முழுதாக ஒரு கொட்டுப் பிந்திக் கேட்கிறது. அவர்கள் தங்களை அறியாமலே அதற்காகக் காத்திருக்கிறார்கள், பாட்டு இழுபடுகிறது. நீங்கள் அதைச் சரிப்படுத்த வேகத்தைக் கூட்டுவீர்கள், சொற்கள் விழுங்கப்படும், மூன்றாம் சுற்றில் பாட்டுச் செத்துவிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதுதான் நடந்தது. சனத்துக்கு உற்சாகம் இல்லையென்று நீங்கள் அவர்களைக் குறை சொன்னீர்கள். சனத்தில் பிழையே இல்லை, அண்ணை.

வேலியோடு நின்றதும் ஒரு காரணம். தகரக் கூரை இருப்பது பின்படிகளுக்கு மேலே. முன்னால் நின்று அடித்தால் பாதிச் சத்தம் புல்லுக்குப் போய் வீணாகிறது. பின்சுவரோடு நின்று அடித்தால் சுவரிலும் தகரத்திலும் பட்டுச் சனத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். பாடுகிறவனுக்கு அதுதான் துணை.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: நீங்கள் போன பிறகுதான் ட்ரம் என்ன வேலை செய்தது என்று தெரிந்தது. பாட்டுத் தொடங்க ஐந்தாறு பேர் ஒரே மூச்சில் வாய் திறக்க வேண்டும். ட்ரம் இருந்தபோது இரண்டு கொட்டு, எல்லோருக்கும் புரியும். இல்லாதபோது ஒருவன் தனியாகத் தொடங்குவான், பதற்றத்தில் சுருதியை உயரத்தில் எடுப்பான், இரண்டாம் வரியில் எட்டாது, பக்கத்தில் நிற்கிறவன் வாயை மூடிக்கொள்வான். எதிரணி எங்களுக்குக் கோல் அடித்த பிறகு வரும் முதல் அரை நிமிடம் இன்னும் மோசம். அந்த நேரத்தில் ஒரு சத்தம் எழாவிட்டால் அடுத்த பத்து நிமிடம் யாரும் எழுப்ப மாட்டார்கள். நீங்கள் ஒருநாளும் அந்த அரை நிமிடத்தைத் தவறவிட்டதில்லை. எங்கள் கோல் காப்பாளர் வலையிலிருந்து பந்தைக் குனிந்து எடுக்கும்போதே உங்கள் முதற்கொட்டு விழுந்திருக்கும்.

அப்படியிருந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள். பட்டியையும் அடிக்கும் கோலையும் கொண்டு போனீர்கள். ட்ரம் கழகத்தின் சொத்து, உண்டியல் குலுக்கி வாங்கியது. பட்டி இல்லாமல் அந்தப் பாரத்தைத் தூக்கி அடிக்க யாராலும் முடியாது என்று உங்களுக்குத் தெரியும். அது கோபத்தில் செய்ததா, திட்டமிட்டுச் செய்ததா என்று இத்தனை நாளும் யோசனை ஓடுகிறது. அந்த இருநூறு பேரில் எட்டு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ட்ரம் இல்லாமலே உயிரோடு இருக்கும் மைதானங்கள் உண்டு என்று குழுவில் ஒருவர் சொன்னார், உண்மைதான். லண்டனின் டல்விச் ஹாம்லெட் கழகத்துக்காரர் எட்கர் கெய்லின் பெயரை இன்றைக்கும் பாடுகிறார்கள். 1929இல், தொழில்முறை லீக்குக்கு வெளியேயுள்ள கழகமொன்றிலிருந்து இங்கிலாந்துக்காக மூன்று ஆட்டம் ஆடியவர். மைதானத்துக்குப் போகும் தெருவுக்கும் அவர் பெயர்தான். 2018இல் சொந்த மைதானத்தின் கதவு பூட்டப்பட்டு வேறொரு கழகத்தின் மைதானத்துக்குப் போனபோதும் பாட்டைக் கூடவே கொண்டு போனார்கள். அந்த வருடமே மேற்பிரிவுக்கு ஏறுவதற்கான பிளேஆஃப் இறுதியில் பெனால்டியில் வென்று மேலே ஏறினார்கள். ஆனால் அந்தப் பழக்கம் ஊறப் பல வருடம் எடுக்கும். எங்களிடம் இருப்பது இருநூறு பேரும் ஒரு தகரக் கூரையும்.

இங்கே எதுவும் மறைவதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோட்டு நடுவர் கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறார். எதிரணிக் கோல் காப்பாளருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. எல்லை மீறினால் தண்டம் கட்டுவது கழகம். அந்த நவம்பருக்கு முன்னால் ஒரு முறைப்பாடு வந்தது. யாரிடமிருந்து, எதைப் பற்றி என்று இங்கே எழுத மாட்டேன். அது உங்களைப் பற்றியது அல்ல என்று மட்டும் சொல்லலாம். யாரோ கத்தியதற்கு ட்ரம் அடிப்பவர் மேல் கண் விழுந்தது, ஏனென்றால் எல்லோரும் பார்க்கிற ஆள் அவர்தான். அதையும் உங்களுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

இனிச் சனிக்கிழமை ஒழுங்கு இதுதான். ட்ரம் கோலுக்கு நேரே நடுவில், கடைசிப் படியில், முதுகு சுவரில். அங்கிருந்து இரு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு மீற்றர், ஓரத்தில் நிற்கிறவருக்கும் முப்பத்தைந்து மில்லிவிநாடிதான் பிந்தும், காதுக்குத் தெரியாது. நீண்ட பக்கத்தை ட்ரம்மோடு இழுக்க மாட்டோம். அவர்களுக்குக் கேள்வி பதில் பாட்டு: நாங்கள் ஒரு வரி, இடைவெளி, அவர்கள் ஒரு வரி. இடைவெளி இருந்தால் பிந்துவது யாருக்கும் தெரியாது. வேகம் 120ஐத் தாண்டாது, கோல் போட்டாலும். யாராவது அடிபட்டு விழுந்தால், எந்த அணியாக இருந்தாலும், அடிக்கும் கோல் கீழே. செவ்வாய் இரவு ஆட்டங்களில் கடைசி விசிலோடு ட்ரம் உறைக்குள் போய்விடும், பக்கத்து வீட்டுக்காரர் நித்திரை கொள்ள வேண்டும்.

தோலை இறுக்கியது நானில்லை, பதினாறு வயதுப் பெடியன் ஒருவன். வட்டமாகச் சுற்றி இறுக்கத் தொடங்கினான். அப்படிச் செய்தால் ஒரு பக்கம் இழுபட்டுத் தோல் சுருங்கும். எதிரெதிர்த் திருகாக, ஒவ்வொன்றிலும் கால் சுற்று, பிறகு விளிம்போரம் தட்டிப் பார்த்து எட்டு இடத்திலும் ஒரே நாதம் வரும்வரை. நீங்கள் காட்டித் தந்த முறை. அவன் உங்களைக் கண்டதேயில்லை, ஆனால் ஒவ்வொரு திருகுக்கும் "அவர் இப்படியா செய்வார்?" என்று கேட்டான்.

அடிக்கும் கோல் ஒன்று புதிதாக வாங்கியாயிற்று, கம்பளித் தலை. மழையில் நனைந்தால் பாரமாகிக் கொட்டு மந்தமாகும் என்று அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையும் வைத்திருக்கிறோம். பட்டி வாங்கவில்லை. கடையில் பார்த்தோம், இருபத்தைந்து பவுணுக்குள் முடிந்துவிடும், ஆனால் யாரும் காசை வெளியே எடுக்கவில்லை.

ஆட்டம் மூன்று மணிக்கு. இடைவேளைக்குத் திரும்பவும் அந்த வழியால்தான் நடக்க வேண்டும், தேத்தண்ணிக் கடையைத் தாண்டி. பட்டி இல்லாவிட்டால் இரண்டு பேர் ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு போவார்கள், நடக்கும்போது அடிக்க முடியாது. இரண்டரைக்கு வாசலடியில் அந்தப் பெடியன் நிற்பான், நீலக் குளிர்த்தொப்பி. பட்டியைக் கொண்டு வாங்கோ. நீங்கள் கட்டுகிறீர்களோ, அவன் தோளில் கட்டிவிடுகிறீர்களோ, அது உங்கள் விருப்பம்.