ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளின் பராமரிப்பு தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
நிர்வாகி,
பதிவு பெற்ற பெண் குழந்தைகள் இல்லம்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: சமய அமைப்புகள் நடத்தும் இல்லங்களில் தங்கவைக்கப்படும், கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கு மனநல உதவியும் சட்டப்படியான நிவாரணமும் கிடைக்கச் செய்தல், அத்தகைய இல்லங்களுக்கு எழுத்துப்பூர்வ நெறிமுறை வகுத்தல் – வேண்டுதல்.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சபையைச் சேர்ந்த சிலர் இணைந்து நடத்திவரும் எங்கள் இல்லத்துக்கு, குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின்பேரில், ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண் குழந்தைகள் அனுப்பப்பட்டு வருகிறார்கள். வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளிலும், மேற்கு மாவட்டப் பஞ்சாலைகளிலும், வீட்டு வேலைக்கென்று கூட்டிச் செல்லப்பட்ட இடங்களிலும் சிக்கியிருந்தவர்கள் இவர்கள். முன்பணம் கொடுத்து அழைத்துப் போனவர் பெரும்பாலும் ஊர்க்காரராகவோ சொந்தக்காரராகவோ இருப்பதால், வீட்டார் அதைக் கடத்தல் என்றே கருதுவதில்லை. இக்குழந்தைகளுக்கு எங்களைப் போன்ற சமய இல்லங்களால் ஆவது எது, ஆகாதது எது என்பதை விளக்கி, ஆகாததை அரசிடம் கேட்டுப் பெறவே இம்மனுவை அளிக்கிறோம்.

இந்தப் பணி நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. சிறுமிகளைக் கோவிலுக்கு அர்ப்பணித்துத் தேவதாசியாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குத் தப்பி 1901-ல் தம்மிடம் அடைக்கலம் தேடி வந்த சிறுமிக்கு இடம் கொடுத்த கிறித்தவ மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், டோனாவூரில் அத்தகைய குழந்தைகளுக்காக ஒரு குடும்பத்தையே உருவாக்கி, 1951-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். சென்னை மாகாணத்தில் அவ்வழக்கத்தைத் தடைசெய்த சட்டம் 1947-ல்தான் வந்தது. சட்டம் வருமுன்பே தொண்டு செய்தவர்களுக்கு வேறு துணை இருக்கவில்லை. இன்று சட்டம் இருக்கிறது. ஆகவே தொண்டை மட்டும் நம்பிக் குழந்தைகளை விட்டுவைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

எங்களால் ஆவது, விட்டுப் போகாமல் உடனிருப்பது. கொதிக்கும் எண்ணெய் தெறித்த வடுக்கள் முழங்கைவரை உள்ள ஒரு குழந்தை, இரவில் இட்லியைத் தாளில் சுருட்டித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். விளக்கை அணைத்தால் எழுந்து கதவோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் அக்காமார் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள், ஜெபிக்கிறார்கள். அதனால் அவளுக்குப் பயம் சற்றுத் தணிகிறது என்பது உண்மையே. ஆனால் பகலில் திடீரென்று பேச்சு நின்று உடல் விறைத்துப்போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று அக்காமாருக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் நாங்கள் நடிப்பதும் தவறு. எனவே, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தோ மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்தோ பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர், கூடுமானவரை ஒரே நபராக, வாரந்தோறும் இல்லத்துக்கு வர ஆவன செய்ய வேண்டுகிறோம். ஆள் மாறிமாறி வந்தால், பட்டதையெல்லாம் குழந்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிறது.

அடுத்ததாக, எங்கள்மீதே ஒரு வரம்பு விதிக்கக் கேட்கிறோம். அதே குழந்தை இசக்கியம்மன் கோவில் திருநீற்றைப் பொட்டலமாகப் பாவாடை நுனியில் முடிந்து வைத்திருக்கிறாள். அதை அவிழ்க்கச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. ஏற்கெனவே ஒருமுறை பிறர் சொன்னபடியெல்லாம் நடக்கப் பழக்கப்பட்ட குழந்தை, சோறு போடுகிறவர் கூப்பிட்டால் ஜெபத்துக்கும் வந்து நிற்கும். அதை விருப்பம் என்று கொள்ளலாகாது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனங்களில், மாணவரோ, மைனராயின் காப்பாளரோ இசையாமல் சமய போதனையிலும் வழிபாட்டிலும் பங்கேற்கச் செய்யக்கூடாது என அரசியலமைப்பின் 28(3) பிரிவு கூறுவதை ஒட்டி, எம்மதத்தவர் நடத்தும் இல்லமாயினும் பொருந்தும் நெறிமுறையை எழுத்தில் வழங்கி, முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்யவும் வேண்டுகிறோம். பிறந்தநாளுக்குப் பிரியாணியோடு வந்து குழந்தைகளுடன் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட விரும்பும் அன்பர்களையும் அந்த நெறிமுறை தடுத்தால் நன்று. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 74-ஆம் பிரிவு தடைசெய்கிறது என்று நாங்கள் சொன்னால் மனவருத்தம்தான் மிஞ்சுகிறது.

நிவாரணத்தைப் பொறுத்தவரை, கொத்தடிமை முறையில் வேலை வாங்கப்பட்ட குழந்தைகள்கூட வெளிமாநிலத்திலிருந்து, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டதற்கு அரசு தரும் விடுவிப்புச் சான்று இல்லாமலேயே வந்து சேர்கிறார்கள். மத்திய அரசின் கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுத் திட்டத்தின்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை பெற வழியிருந்தும், சான்று இல்லாததால் அது கைக்கு வருவதில்லை. மீட்பு நடந்த மாவட்ட நிர்வாகத்துக்குத் தாங்கள் நேரடியாக எழுதினால் நடக்கக்கூடியது இது. எங்கள் கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை.

பெற்றோர் வந்து அழுதவுடன் குழந்தையை அனுப்பிவிடாமல், வீட்டுச் சூழல் குறித்த விசாரணை அறிக்கை வந்தபின்னரே அனுப்பவும், முன்பணக் கடன் இன்னும் நிற்கிறதா என்பதை அதில் கட்டாயம் குறிப்பிடவும் ஆணையிட வேண்டுகிறோம். கடன் நிற்கும் வீட்டுக்குத் திரும்பும் குழந்தையைத் தரகர் மீண்டும் தேடி வருவார். வீடு திரும்புவோருக்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகையும், வீடே இல்லாதோருக்கு 18 வயதுக்குப் பின் 21 வரை பின்தொடர் பராமரிப்பும் காலதாமதமின்றிக் கிடைக்க, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அறிவுறுத்தவும் வேண்டுகிறோம்.

குழந்தைகளின் பெயர், ஊர் முதலிய விவரங்களை மேற்படிச் சட்டப்பிரிவை முன்னிட்டு இதில் குறிப்பிடவில்லை. தாங்கள் பணித்தால் மூடி முத்திரையிட்ட உறையில் நேரில் சமர்ப்பிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இல்ல நிர்வாகி

நகல்: தலைவர், குழந்தைகள் நலக் குழு, திருநெல்வேலி.