கோத்தகிரியில் கிழக்கு எது?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் கோத்தகிரிக்கு வந்து ஏழு மாதம். குளிர் பழகிவிட்டது, திசைதான் இன்னும் பிடிபடவில்லை.

தஞ்சாவூரில் நாம் எப்படி இருந்தோம்! பந்தியில்கூட "இலையைக் கொஞ்சம் தெற்கால தள்ளிப் போடு" என்பார் உன் அப்பா. இங்கே வந்த புதிதில் காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனிடம், "வடக்கு வாசல் வழியா வாப்பா" என்றேன். திருதிருவென்று முழித்தான். "மேல் வாசலா சார், கீழ் வாசலா?" ரோட்டைப் பார்த்தது மேல் வாசல், தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தது கீழ் வாசல். அவ்வளவுதான் திசை. கோயம்புத்தூர் போகிறவர்கூட "கீழே போறேன்" என்றுதான் சொல்கிறார்.

தூரமும் அப்படித்தான். என் ஜன்னலுக்கு நேர் எதிரே படுகர்களின் அட்டி ஒன்று, அதாவது அவர்கள் சிற்றூர். அங்கே துணி காயப்போடுவது தெரியும், நாய் குரைப்பது கேட்கும். போனில் பார்த்தால் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நடந்தே போகலாம் என்று கிளம்பி, பள்ளத்தில் ஓடையைத் தாண்ட வழியில்லாமல், காலில் அட்டைக்கடியோடு திரும்பினேன். பிறகு பஸ்ஸில் மலையைச் சுற்றிப் போக முக்கால் மணி நேரம். மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலை எடுத்துக்கொள். அதே 46 கிலோமீட்டர், ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், இறங்குவதற்கு மூன்றரை. இங்கே யாரும் கிலோமீட்டர் கணக்குச் சொல்லாதது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது.

ஒன்று யோசித்தேன். மேற்கு என்பதே 'மேல்', கிழக்கு என்பதே 'கீழ்'. நம் பக்கம் நிலம் மேற்கே உயர்ந்து, கடலைப் பார்க்கச் சரிகிறது. நம் மேல வீதியும் கீழ வீதியும் அந்தச் சரிவில் வந்தவைதான். கேரளத்தில் மலை கிழக்கே இருக்கிறது, ஆனாலும் அந்த மேட்டுத் திசையை அவர்களும் 'கிழக்கு' என்றே சொல்கிறார்கள். டீக்கடைச் சேட்டனிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "டீ ஆறுது சாரே" என்றார். அந்த சிலிண்டர் பையன் மேல், கீழ் என்று கேட்டது நம்முடைய பழைய திசையைத்தானோ என்று தோன்றுகிறது.

சரி, டிசம்பரில் வா. பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரிடமும் கிழக்கு எது என்று கேட்காதே, போன் போடு. கீழ் வாசலுக்கு 42 படி. உன் முழங்காலுக்காக மேல் வாசலைத் திறந்து வைக்கிறேன்.

உன்,
ராமு