நீலத்திரைக்கு ஃபார்மட் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி நின்றால் உடனே ஃபார்மட் அடித்து விண்டோஸை மறுபடி போடுவது பல சர்வீஸ் கடைகளில் வழக்கமாகிவிட்டது. திரையில் ‘டபிள்யூ.ஹெச்.இ.ஏ. அன்கரெக்டபிள் எரர்’ என்று வந்திருந்தால் அந்த உழைப்பு பெரும்பாலும் வீண். அந்தப் பிழையைச் சொல்வது ஹார்டுவேர். தப்பான தரவு டிஸ்கில் ஏறிவிடக் கூடாது என்றுதான் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேலையை நிறுத்துகிறது. ஓவர்கிளாக் செய்து, அதாவது பிராசஸரையோ ராமையோ நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டு, இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

லினக்ஸ் சர்வரிலும் இதே கதைதான். பிழையைத் தானே திருத்தும் இசிசி ராமில் வழக்கமாக 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல் இருக்கும். ஒரு பிட் புரண்டால், அதாவது 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறினால், ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலரே திருத்திக்கொள்ளும். கெர்னல் குறித்து மட்டும் வைக்கும். இரண்டு பிட் புரண்டால் தெரியவரும், ஆனால் திருத்த முடியாது. அந்தத் தரவை எடுக்கப் போகும்போது இன்டெல், ஏஎம்டி பிராசஸர்கள் 18ஆம் எண் எக்ஸெப்ஷனை (வேலையை இடைமறிக்கும் அறிவிப்பு), அதாவது மெஷின் செக்கை, எழுப்பும். பிராசஸரில் பிழைகளைக் குறித்துவைக்கும் ரிஜிஸ்டர் தொகுப்புகளுக்கு பேங்க் என்று பெயர்; கெர்னல் ஒவ்வொரு பேங்க்கின் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரையும் படிக்கும். அதில் 61ஆவது பிட் 1 என்றால் திருத்த முடியாத பிழை. 57ஆவது பிட்டும் 1 என்றால் பிராசஸரின் நிலையையே நம்ப முடியாது. பேனிக், அதாவது கெர்னல் முழு சிஸ்டத்தையும் நிறுத்திவிடுவது, தவிர வழியில்லை.

அந்த அளவுக்குப் போகாமல், கெட்ட இடத்தின் முகவரியும் கிடைத்தால், அந்த 4 கேபி பக்கத்தை (மெமரியின் ஒரு துண்டை) மட்டும் ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு 2009இல் வந்த 2.6.32 கெர்னலிலிருந்து உண்டு. டிஸ்கில் நகல் உள்ள, மாற்றப்படாத பக்கம் என்றால் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி படித்துக்கொள்ளும். ஒரு ப்ரோகிராமின் சொந்த மெமரி என்றால் அதற்கு மட்டும் சிக்பஸ் சிக்னல் (பொதுவாக அந்த ப்ரோகிராமை நிறுத்திவிடும் அறிவிப்பு) போகும். டிஸ்குக்கு இன்னும் போகாத பக்கம் என்றால் அந்தத் தரவு போனதுதான். கெர்னலே தன் கெட்ட மெமரியைப் படித்துவிட்டால் பெரும்பாலும் பேனிக்.

திருத்தப்பட்ட பிழைகளை அலட்சியப்படுத்தக் கூடாது. ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் ராஸ்டீமன் என்ற ப்ரோகிராமைப் போட்டு வைத்தால் எந்த ஸ்லாட்டில் எத்தனை என்று காட்டும். எப்போதாவது ஒன்று வந்தால் பரவாயில்லை. ஒரே ஸ்லாட்டில் நாளுக்கு நாள் ஏறினால், பவரை அணைத்து அந்த ராமை வேறு ஸ்லாட்டில் மாட்டுங்கள். பிழை ராமோடு போனால் ராம் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் ஸ்லாட்டையோ பிராசஸர் சாக்கெட்டின் பின்களையோ பார்க்க வேண்டும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இரவெல்லாம் ஓடி ‘பாஸ்’ என்றாலும் நம்பிவிடாதீர்கள்: ஒரு பிட் பிழைகளை இசிசி திருத்திவிடுவதால் அதன் கண்ணுக்கு எதுவும் படாமல் போகலாம்.

கணக்கும் பதிவேடும் வைக்கும் அலுவலகங்கள் மெஷின் வாங்கும்போது ‘இசிசி ராம்’ என்று எழுத்தில் கேட்க வேண்டும். ‘டிடிஆர்5 எல்லாமே இசிசிதான்’ என்று கடைக்காரர் சொல்வதை ஏற்க வேண்டாம். டிடிஆர்5 வகை ராம் எல்லாவற்றிலும் இருப்பது சிப்புக்குள் மட்டும் நடக்கும் திருத்தம். சிப்புக்கும் பிராசஸருக்கும் நடுவே தரவு கெட்டால் அது காப்பாற்றாது.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்